கப்பலில் வந்த உலர்த்தி

வெளியுலக அறிவை உள்வாங்குவதில் பன்னீர் கொப்பரை நிறுவனத்தை மிஞ்ச வங்கக் கடலில் ஆளில்லை. தீவின் ஹேடோ துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே அலுவலகம். கப்பலை விட்டு இறங்கும் அறிவு வெயிலில் அலையக்கூடாது என்ற கருணைதான்.

அங்கே 'புத்தாக்க அதிகாரி'யாக இருந்தான் சுதாகர். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. வெயில் போனால் கொப்பரை காயாது, பூஞ்சை பிடித்துவிடும். பெரார்கஞ்சில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அவன் அப்பா கோவிந்தராஜ், மகன் பேச்சை நம்பி, அந்த வருஷத்துக் காய் மொத்தத்தையும் கம்பெனிக் கிடங்கில் போட்டிருந்தார்.

உள்ளூர்க் கல்லூரி ஆசிரியை தஸ்லிமா, தேங்காய்ச் சிரட்டையை எரித்து அடைமழையிலும் கொப்பரை காயவைக்கும் உலர்த்தி ஒன்றைச் செய்திருந்தாள். சுதாகர் அவளை முதலாளி பன்னீர்செல்வத்திடம் அழைத்துப் போனான்.

"எங்கேருந்து வருது இது?"

"கராச்சர்மா, சார். இங்க பக்கத்துலதான்."

"அப்ப பஸ்ல வந்திருக்கு." முதலாளி வருத்தத்தோடு தலையாட்டினார். "டெக்னாலஜின்னா மெயின்லேண்டுலேருந்து கப்பல்ல வரணும் மேடம். நமக்கு வெங்காயமே அப்படித்தான் வருது."

"நல்லா வேலை செய்யுது சார். இது அதுல காயவச்சதுதான்." தஸ்லிமா ஒரு கொப்பரைத் துண்டை நீட்டினாள்.

"அச்சா, யார் இல்லேன்னா?" அதைக் கடித்துக்கொண்டே கேட்டார். "ஆனா யூனிவர்சிட்டி சொல்லணும்ல."

சுதாகர் அதை அப்படியே குறித்துக்கொண்டான். பதவி புதிது.

மெயின்லேண்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு 'புரிந்துணர்வு' ஏற்பட்டது. பேராசிரியர்கள் வந்தார்கள், சால்வை வாங்கினார்கள், கடற்கரைகளின் 'புத்தாக்கச் சூழலை'க் குளித்து ஆராய்ந்தார்கள். கிளம்புகிற அன்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "சரி, நாங்க என்ன கண்டுபிடிக்கணும்?"

யாருக்கும் தெரியவில்லை. சுதாகர் மெதுவாக உலர்த்தியைக் காட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். அன்றே அது ஹேடோவில் கப்பலேறியது, மெயின்லேண்டுக்குப் போய் முறைப்படி கண்டுபிடிக்கப்படுவதற்காக.

மழை வந்தது. பேராசிரியர்கள் அவசரப்படவில்லை, அத்தகைய நிதானம் எல்லோருக்கும் வாய்க்காது. கிடங்கில் உடைத்துப் போட்டிருந்த காய்கள் பச்சையும் கறுப்புமாகப் பூத்தன.

மழை ஓய்ந்ததும் உலர்த்தி திரும்பி வந்தது. முன்பக்கம் பல்கலைக்கழகத்தின் பித்தளைத் தகடு, அடுப்பில் நல்ல துரு. முதலாளி மாலை போட்டார்.

"பாத்தீங்களா மேடம், கப்பல்ல வந்தா களையே தனி."

தஸ்லிமா தான் வைத்த வெல்டிங் தழும்பைத் தடவிப் பார்த்தாள்.

திறப்புவிழாவில் உலர்த்த ஒன்றுமில்லை. ஆனால் புத்தாக்க அதிகாரி எதற்கு இருக்கிறான்? முன்யோசனையாக அதே கப்பலில் நாலு மூட்டை காய்ந்த கொப்பரை தருவித்திருந்தான். அதை உள்ளே பரப்பிப் புகைப்படம் எடுத்தார்கள்.

'பயனடைந்த விவசாயி'யாக மேடையேற்றப்பட்ட கோவிந்தராஜ் ஒரு துண்டை எடுத்துப் புரட்டினார்.

"இது நம்ம காய் இல்லையேடா."

"நம்மது பூரா போச்சுப்பா." சுதாகரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இது மெயின்லேண்டுலேருந்து வரவழைச்சது."

கோவிந்தராஜ் துண்டை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா, புள்ளையையும் அங்கேருந்தே வரவழைச்சிருப்பேன்."