கிளம்ப மறுத்த பிக்கப்

சாவியைத் திருப்பினால் பிக்கப் வண்டி தொண்டையைச் செருமியதே தவிர, பேச ஆரம்பிக்கவில்லை.

கண்ணாடிக் கடைக்காரர் மறுபடி திருப்பினார். மறுபடியும் செருமல்தான். பின்பக்கம் பெட்டி, படுக்கை, மடக்கு மேஜை, புத்தக மூட்டை எல்லாம் கயிறு போட்டுக் கட்டித் தயாராக இருந்தன. அவற்றின் சொந்தக்காரி வண்டிக் கதவோரம் நின்றிருந்தாள். கால்நடை மருத்துவம் படித்து முடித்த ஒரே மகள். மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் முதல் வேலை. ஊருக்கு டாக்டரம்மா, வீட்டில் இன்னும் பாப்பா.

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அரை மணி நேரம் குடு. வாடகை வண்டிங்கிற பேச்சை மட்டும் யாரும் எடுக்காதீங்க."

"யாருமே எடுக்கலையே," என்றாள் மனைவி. மழலைப் பள்ளி ஆசிரியை. அவள் சொன்ன கையோடு படுக்கையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"எதுக்கு அவிழ்க்கிற? அரை மணி நேரம்னு சொன்னேன்ல?"

"உங்க அரை மணி நேரம் எனக்குத் தெரியாதா? வேலையில சேர இன்னும் நாள் கெடக்கு. என்ன அவசரம்?"

"ஆமாப்பா, மெதுவாப் பாருங்க," என்றாள் பாப்பா. அவள் அதற்குள் புத்தக மூட்டையைத் தோளில் ஏற்றியிருந்தாள்.

கடைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் எள்ளளவு திருகாணியைக் கண்ணை மூடிக்கொண்டு முடுக்கக்கூடியவர் அவர். உலகத்தில் எல்லாமே திருகாணிதான், பெரிசு சின்னது என்பது மட்டும்தான் வித்தியாசம் என்பது அவர் கொள்கை. பள்ளிக்கூடங்களில் கண் பரிசோதனை முகாம் நடத்தப் போய்வருவதற்காக அந்தப் பழைய பிக்கப்பை வாங்கிய நாளிலிருந்து, வேறு ஒருவர் கை அதன்மேல் பட்டதில்லை. தெருமுனைப் பட்டறை மெக்கானிக் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மருந்து இல்ல சார், பிரார்த்தனைதான்," என்று சொல்லிவிட்டார். அன்றோடு அவருடன் பேச்சுவார்த்தை கிடையாது.

பானெட்டைத் தூக்கினார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியால் பளபளவென்று துடைத்தார். திரும்ப மாட்டும்போது பிளக் வயர்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போவது அவர் கண்ணை உறுத்தியது. நேராகப் போகிற மாதிரி அழகாக வரிசைப்படுத்தினார். சாவியைத் திருப்பினார்.

செருமல்தான். ஆனால் கொஞ்சம் பழைய புகை மட்டும் சைலன்சரிலிருந்து 'புஸ்' என்று வெளியேறி, அடுத்த வீட்டு மாடிக்கொடியில் காய்ந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளைத் தடவிக்கொண்டு போனது.

"வெள்ளையாக் காயப்போட்டேன், சாம்பலா எடுக்கிறேன்!" என்று மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

"புகை வருது பார்த்தியா? உள்ள உயிர் இருக்கு," என்றார் கடைக்காரர், உற்சாகமாக.

"மாடா இருந்தா இந்நேரம் ஒரு ஊசி போட்டு எழுப்பியிருப்பேன்பா," என்றாள் பாப்பா.

சாயங்காலத்துக்குள் அவர் ஏர் ஃபில்டரைக் கழற்றினார், கார்புரேட்டரைக் கழற்றினார், கழற்றத் தேவையில்லாத சிலவற்றையும் கழற்றினார். எல்லாவற்றையும் மாட்டிய பிறகு ஒரு வாஷர் மிஞ்சியது. அதையெல்லாம் தேவைக்கு அதிகமாகவே வைத்திருப்பார்கள் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள், வண்டியோடு வந்த கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு டிஸ்டிரிபியூட்டரின் மூடியைத் திறந்தார். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கும் சமாச்சாரம் அது. படத்தில் நட்டநடுவே ரோட்டார் என்று கட்டைவிரல் அளவில் ஒரு துண்டு இருந்தது. வண்டியில் அந்த இடம் மொட்டையாக இருந்தது.

அவருக்குப் பகீர் என்றது. நேற்றுக் கழற்றியவற்றில் இதையும் கழற்றினோமா? கழற்றியிருந்தால் எங்கே வைத்தோம்?

நான்கு கால் பிராணி போல முற்றம் முழுக்கத் தவழ்ந்தார். தொலைந்துபோன கரண்டி ஒன்று கிடைத்தது. மனைவியின் காதணித் திருகு கிடைத்தது. ரோட்டார் கிடைக்கவில்லை.

"என்னங்க தேடுறீங்க?" மனைவி வாசலுக்கு வந்தாள்.

"தேடல. தரையைச் சுத்தம் பண்றேன்."

துருவித் துருவிக் கேட்காமல் விடாத மனைவி, அன்று "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தம் மானம் தப்பியது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

உதிரிபாகக் கடையில் புது ரோட்டார் வாங்கி மாட்டினார். கையேட்டைப் பார்த்து வயர்களைப் பழையபடி குறுக்கும் நெடுக்குமாக வைத்தார். சாவியைத் திருப்பினார். இஞ்சின் இருமியது, குலுங்கியது, பிறகு கணீரென்று ஓட ஆரம்பித்தது.

"பேசிடுச்சு! பாப்பா, பேசிடுச்சு! நாளைக்குக் காலைல கிளம்பறோம்!"

காலையில் மூட்டைகள் ஏறின. கயிறு கட்டினார்கள். சாவியைத் திருப்பினார். இப்போது செருமல்கூட இல்லை. சுவரில் சாவியைத் திருப்பிய மாதிரி இருந்தது.

"போச்சா?" என்றாள் மனைவி. கை தானாகவே கயிற்றுக்குப் போனது.

"போகல. இது வயரிங் கோளாறு. நேத்தை விட ஈஸி."

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்தார். வயர்கள் கூட்டமாகத் தொங்கின. பழசாகத் தெரிந்ததை எல்லாம் வெட்டி, நிறத்துக்கு நிறம் ஜோடி சேர்த்தார். நிறம் சேராதவற்றுக்குத் தம் மனசுக்குப் பட்ட ஜோடியைப் பார்த்து முடித்துவைத்தார். எழுந்து பிரேக்கை மிதித்தார். ஹார்ன் அலறியது. இடது இண்டிகேட்டரைப் போட்டார். வைப்பர் ஆட ஆரம்பித்தது. இஞ்சின் மட்டும் எதையும் காதில் வாங்கவில்லை.

"அப்பா, பிரேக் பிடிச்சா ஹார்ன் அடிக்குதே?"

"நல்லதுதானே? நிக்கப்போறோம்னு எல்லாருக்கும் தெரியும்."

வாய்தான் அப்படிச் சொன்னது. ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தபோது மனசு கலங்கிவிட்டது. ஒரு ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடம், பல் விழுந்த வாய் மாதிரி காலியாக இருந்தது. ரோட்டாராவது முதல் நாள் குழப்பத்தில் போனது. இந்தப் பெட்டியை அவர் இப்போதுதான் முதல்முறையாகத் திறக்கிறார். அப்படித்தான் அவருக்கு ஞாபகம். அந்த ஞாபகத்தை நம்பலாமா?

அன்று கடையில், வாடிக்கையாளர் ஒருவர் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றார். "சார், உலகம் சாயுது."

இடது லென்ஸ் வலது பக்கம் போயிருந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை.

சாப்பிடும்போது மனைவியிடம் மெதுவாகக் கேட்டார். "எனக்கு மறதி வந்துடுச்சோ? கழட்டறது எதுவுமே ஞாபகத்துல நிக்க மாட்டேங்குது."

அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. பாப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சும்மா இருங்க. உங்களுக்கு ஒண்ணுமில்ல," என்றாள் மனைவி அவசரமாக. "வண்டிதான் சரியில்ல."

"ஆமாப்பா. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல," என்றாள் பாப்பா.

புது ஃப்யூஸ் வந்தது. தலைகுனிந்து மாட்டிவிட்டு, பாதி நம்பிக்கையோடு சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு பிசிறு இல்லை. கடைக்காரரின் முதுகு நிமிர்ந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் தம் கைகளைத் தாமே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். இந்தக் கையா மறக்கும்?

"எப்படி?" என்றார், வீட்டைப் பார்த்து.

வாசலில் நின்ற இருவரும் கை தட்டினார்கள். மழலைப் பிள்ளைகளுக்குத் தட்டுகிற மாதிரி மனைவி தட்டினாள். பாப்பா இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இருட்டுவதற்குள் மூட்டைகள் மறுபடி வண்டியில் ஏறின. தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு, விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்று பாப்பாவின் அறைக்குள் போனார். எதுவுமே விட்டுப்போகவில்லை. அலமாரி துடைத்துவிட்டது போல இருந்தது. மேஜை இருந்த இடத்தில் தரை மட்டும் பளிச்சென்று வேறு நிறத்தில் இருந்தது. சும்மா ஒருமுறை இருமிப் பார்த்தார். அறை எதிரொலித்தது. அவர் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தார். சாப்பாடு இறங்கவில்லை.

விடிந்ததும், மற்ற இருவரும் எழுவதற்குள் முற்றத்துக்கு வந்தார். பானெட்டைச் சத்தமில்லாமல் தூக்கினார். இந்த முறை கை தடுமாறவில்லை. கையேடு தேவைப்படவில்லை. டிஸ்டிரிபியூட்டரின் மூடியைத் திறந்து, புத்தம் புது ரோட்டாரை நேர்த்தியாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டு, மூடியை மூடினார். வீட்டில் வைத்தால் யார் கையிலாவது அகப்பட்டுவிடும். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார்.

மெக்கானிக் அப்போதுதான் பட்டறையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். அதிசயமா இருக்கு. வண்டி கிளம்பலையா?"

"வண்டியெல்லாம் பிரமாதமா இருக்கு." கடைக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு ரோட்டாரை எடுத்து நீட்டினார். "இதை ஒரு ரெண்டு நாள் உங்ககிட்ட வெச்சிருங்க. எங்க வீட்டுல யார் வந்து கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடுங்க. பாப்பா முதல்முறையா வெளியூர் போகுது பாருங்க... ரெண்டே ரெண்டு நாள்தான்."

மெக்கானிக் அதை வாங்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு மேஜையின் இழுப்பறையை முழுசாக இழுத்தார்.

"குடுங்க சார், உங்க வீட்டம்மா குடுத்து வெச்ச பழைய ரோட்டாருக்கும், டாக்டரம்மா குடுத்து வெச்ச ஃப்யூஸுக்கும் நடுவுல இடம் இருக்கான்னு பாக்கறேன்."