ஓர் ஓட்டைக்காக

சுவரிலிருந்து தண்ணீர் பீறிட்டு அடித்தபோது புரூஃப் சார் முதலில் செய்த காரியம், மனைவியின் படத்தைத் தூக்கிக் கட்டிலின் மேல் வைத்ததுதான். அதற்குப் பிறகுதான் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்தார். இரண்டுக்கும் நடுவில் கையிலிருந்த டிரில்லிங் மெஷின் எங்கே போனது என்பதை அவர் கவனிக்கவில்லை. அது போன இடம், தரை துடைப்பதற்காக ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்திருந்த பக்கெட். ‘டப்’ என்று ஒரு சத்தம். கருகிய வாடை. வீடு முழுக்க மின்சாரம் போயிற்று. ரப்பர் செருப்பு போட்டிருந்த புண்ணியத்தில் புரூஃப் சார் மிஞ்சினார். மெஷின் மிஞ்சவில்லை.

சொந்த மெஷினாக இருந்தால் தலைமுழுகிவிட்டுப் போயிருப்பார். அது இரவல்.

அச்சகத்தில் முப்பத்து நான்கு வருஷமாக அடுத்தவர் எழுத்தில் பிழை திருத்துகிறவர் அவர். அதனால் குடியிருப்பு முழுக்க அவருக்குப் ‘புரூஃப் சார்’ என்றே பெயர். இந்த ஐம்பத்தொன்பது வயதுக்குள் யாரிடமும் ஒரு குண்டூசி இரவல் வாங்கியவரில்லை. அக்கம்பக்கத்தோடு பேச்சு, பழக்கம், கொடுக்கல் வாங்கல் எல்லாம் மனைவியின் இலாகா. ஆறு மாதத்துக்கு முன் அவள் இல்லாமல் போனபோது, அந்த இலாகா கவனிப்பாரற்றுப் போயிற்று.

குடியிருப்புக்காரர்கள் போனில் ‘இரவல் குரூப்’ என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஏணி, தராசு, பெரிய பாத்திரம், எலிப்பொறி என்று யாருக்கு எது வேண்டுமென்றாலும் அதில் கேட்கலாம். இருக்கிறவர் கொடுப்பார். வீட்டுக்கு ஒருத்தர்தான் உறுப்பினர். மனைவி இருந்த இடத்தில் இப்போது இவரைச் சேர்த்திருந்தார்கள். சேர்ந்த முதல் நாளே, ‘ஏனி வேண்டும்’ என்று கேட்ட ஒருவருக்கு ‘ஏணி’ என்று திருத்தம் போட்டார். மூன்றாம் நாள் ‘கத்தறிக்கோல்’ கேட்ட அம்மாளுக்கும் போட்டார். அதனால் அவர் ஏதாவது கேட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டாம் என்று குடியிருப்பில் பேசாமலே ஓர் உடன்பாடு ஏற்பட்டிருந்தது.

ஆனால் மனைவியின் படத்தை மாட்டியாக வேண்டும். கண்ணாடி போட்டு வந்த நாளிலிருந்து அது சுவரோரமாகத் தரையில் சாய்ந்து கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள். போன தடவை வந்தபோது, “அம்மாவை இன்னும் கீழயே உக்கார வெச்சிருக்கீங்களாப்பா?” என்று கேட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வர அரை மணி நேரம் ஆயிற்று.

அதனால் புதன்கிழமை குரூப்பில், ‘சுவரில் துளையிடும் இயந்திரம் ஒருநாள் இரவலாகத் தேவை’ என்று பிழையில்லாமல் எழுதினார். ஐந்தே நிமிஷத்தில் கீழ்வீட்டுப் பல் டாக்டர் படியேறி மூச்சு வாங்க ஓடிவந்தார். கையில் பச்சை நிற மெஷின்.

“இந்தாங்க சார். நீங்களே வெச்சுக்குங்க.”

“நாளைக்கே கொடுத்துடறேன்.”

“ஐயோ, வேண்டாம் சார். திருப்பித் தரணும்னு அவசியமே இல்ல. இங்கயே இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு, வந்த வேகத்தில் இறங்கிப் போனார். மனிதருக்கு எவ்வளவு தாராளம் என்று புரூஃப் சார் நெகிழ்ந்து போனார். அந்த மெஷின்தான் மறுநாள் பக்கெட்டில் மூழ்கிக் கிடந்தது.

வந்த பிளம்பர் குழாயை நிறுத்தினான். கூடவே ஓட்டையைப் பெரிதாக்கி, ஒரு ஆள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சுவரைப் பெயர்த்துவிட்டுப் போனான். சிமென்ட் பூசத் திங்கட்கிழமை வருவானாம். அதன் வழியாகப் பார்த்தால் குளியலறைக் கண்ணாடியில் புரூஃப் சாரின் முகம் தெரிந்தது. ஷேவ் செய்து நான்கு நாள் ஆகியிருந்தது.

மெஷினைத் துண்டில் சுற்றி ரிப்பேர்க் கடைக்கு எடுத்துப் போனார். மெக்கானிக் திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்தான். மறுபடியும் மூடினான்.

“சார், இதுக்கு நான் வைத்தியம் பாக்க முடியாது. துக்கம் வேணா விசாரிக்கலாம்.”

“இதே மாதிரி புதுசு எங்க கிடைக்கும்?”

“இந்த மாடல் வர்றது நின்னு போச்சு சார்.”

நான்கு கடை ஏறி இறங்கினார். நான்கு பேரும் அதையே சொன்னார்கள். ‘டாக்டர், உங்கள் மெஷினை எரித்துவிட்டேன்’ என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தன் பெயரில் ஒரு பிழையை ஒப்புக்கொண்டு அவருக்குப் பழக்கமில்லை.

குரூப்பில் வந்த இரவல் பொருட்களின் பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அதே பச்சை, அதே கறுப்புக் கைப்பிடி. அது விசில் டீச்சருடையது.

விசில் டீச்சர் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. குரூப்பை நடத்துவதும் அவரே. வாங்கிய பொருளை நேரத்துக்குத் தராதவர் பெயரைக் குரூப்பில் போட்டு மானத்தை வாங்குவார். வெள்ளிக்கிழமை காலையில் புரூஃப் சார் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“பல் டாக்டர்கிட்ட வாங்கினீங்களே, என்ன ஆச்சு?”

“அது... கொஞ்சம் சூடாகுது.”

“சரி. நாளைக்குக் காலைல பத்து மணி. நானே வந்து வாங்கிக்கிறேன். பத்து அஞ்சு இல்ல, பத்து.”

வாங்கிய கையோடு நேரே டாக்டர் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த டாக்டர், மெஷினைப் பார்த்ததும் முகம் வாடிப்போனார்.

“எதுக்கு சார் திரும்பக் கொண்டு வந்தீங்க?”

“வாங்கினதைக் கொடுக்கணும் இல்லையா?”

“நான் கேக்கலையே சார். உங்ககிட்டயே இருக்கட்டும்னு சொன்னேனே.”

“அது உங்க பெருந்தன்மை. பிடிங்க.”

“வேண்டாம் சார்!”

“பிடிங்க டாக்டர்!”

வாசலில் நின்று இருவரும் மெஷினைப் பிடித்து இழுத்தார்கள். கடைசியில் அதை டாக்டரின் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டுப் புரூஃப் சார் படியேறி ஓடினார். பாதிப் படியில் நின்று யோசித்தார். ஏன் வாங்க மறுக்கிறார்? ஆள் கண்டுபிடித்துவிட்டாரோ? வேறு மெஷின் என்று தெரிந்துதான், வாயைத் திறக்காமல் இப்படி நோகடிக்கிறாரோ?

சரி, டாக்டர் கணக்கு தீர்ந்தது. இனி டீச்சருக்கு நாளை பத்து மணிக்குள் ஒரு பச்சை மெஷின் வேண்டும். பகல் முழுக்க ஊரின் மறுகோடி வரை அலைந்தார். கிடைக்கவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு மறுபடியும் டாக்டர் வீட்டு மணியை அடித்தார். அவரிடம் கொடுத்ததை அவரிடமே இரவல் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேட்டதுதான் தாமதம், டாக்டர் முகம் மலர்ந்தது. “தாராளமா எடுத்துட்டுப் போங்க சார். இந்தத் தடவையாவது அங்கயே இருக்கட்டும்!”

உள்ளேயிருந்து டாக்டரின் மனைவி எட்டிப் பார்த்தாள். நல்ல மனசு, ஆனால் கேள்வி கேட்காமல் இருக்க முடியாதவள்.

“அக்கா படத்தை மாட்டியாச்சா சார்?”

“ஆச்சும்மா. இது... இது இன்னொரு படம்.”

“யார் படம்?”

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவருக்குச் சட்டென்று நாக்கில் வந்தது மாமனார்தான்.

“மாமனார் படம்.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயய்யோ! போன வாரம்கூட லிஃப்ட்ல பாத்தேனே! எப்போ சார்?”

உயிரோடு இருக்கிறவர் படத்தையும் மாட்டலாம் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை. மெஷினை மார்போடு அணைத்தபடி, “திடீர்னு” என்று மட்டும் சொன்னார்.

ஏழு மணிக்கெல்லாம் குரூப்பில் இரங்கல் வர ஆரம்பித்தது. ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று பதினொரு பேர் போட்டிருந்தார்கள். புரூஃப் சார் ஒவ்வொரு ‘ற’வையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பிழையைத் திருத்தாமல் விட்டார். எல்லாவற்றுக்கும் கீழே விசில் டீச்சரின் உத்தரவு: ‘நாளை காலை எட்டு மணிக்குள் அவரவர் வீட்டு நாற்காலிகளை அனுப்பவும். பிளாஸ்க் இரண்டு போதும்.’

சனிக்கிழமை காலையில் நாற்காலிகள் வந்தன. நீலம் ஆறு, வெள்ளை எட்டு, ஒரு கால் ஆடுகிற சிவப்பு ஒன்று. “இருக்கட்டும் சார், நாங்க பாத்துக்கறோம்” என்று அவர்களே சுவரோரமாகப் போட்டார்கள். புரூஃப் சார் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு மாதத்துக்கு முன்பும் இதே நீலம், இதே வெள்ளை. அன்றும் யாரோ தோளைத் தொட்டு ஒரு டம்ளரைக் கையில் கொடுத்தார்கள். அன்று யார் முகமும் அவர் கண்ணில் படவில்லை. இன்று ஒவ்வொரு முகமும் பட்டது. கத்தரிக்கோல் அம்மாள் உண்மையாகவே அழுதுகொண்டிருந்தாள். மனைவியின் படம் கட்டிலின் மேலேயே கிடந்தது. அவள் இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பாள்.

ஒன்பதே முக்காலுக்கு மாமனார் வந்தார்.

அவர் இரண்டு தெரு தள்ளி மகன் வீட்டில் இருக்கிறார். எண்பத்தோரு வயது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மருமகனைப் பார்க்க வருவார். மகள் போன பிறகும் அதை நிறுத்தவில்லை. செய்தித்தாளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் பதினொரு மணி வரை இருவரும் உட்கார்ந்திருப்பார்கள்.

வாசலில் அவரைக் கண்டதும் கத்தரிக்கோல் அம்மாள் வீறிட்டாள். பிளாஸ்க் ஒன்று உருண்டது.

“என்ன மாப்பிள்ளை, யாருக்கு என்ன?”

டாக்டரின் மனைவிதான் திக்கித் திணறி, “உங்களுக்குத்தான் தாத்தா” என்றாள்.

பெரியவர் நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்தார். “பரவாயில்லையே. என் பொண்ணுக்கு வந்த அளவு வந்திருக்காங்க.” மெல்ல நடந்துபோய்ச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். “பேப்பர் வந்துடுச்சா?”

அந்தச் சமயத்தில் விசில் டீச்சர் நுழைந்தார். மணி சரியாகப் பத்து. பெரியவரைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். “இதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். என் மெஷின் எங்க?”

புரூஃப் சார் அதை எடுத்து நீட்டினார். டீச்சர் கை வைக்கப் போகும்போது டாக்டர் பதறி எழுந்தார்.

“டீச்சர், அதை எடுக்காதீங்க! அது உங்களோடது இல்ல, அது...” என்றவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

புரூஃப் சாருக்குப் புரிந்துவிட்டது. மாட்டிக்கொண்டாயிற்று. இனி மறைக்க ஒன்றுமில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து, துண்டில் சுற்றியிருந்த எரிந்துபோன மெஷினை எடுத்து வந்து எல்லார் நடுவிலும் வைத்தார்.

“டாக்டர், உங்க மெஷின் இதுதான். நான் தண்ணில போட்டு எரிச்சுட்டேன். உங்ககிட்ட திருப்பிக் கொடுத்தது டீச்சரோடது. அதை டீச்சருக்குக் கொடுக்கணுமேன்னு மறுபடியும் உங்ககிட்டயே வாங்கினேன். அதுக்காக மாமாவைச் சாகடிச்சேன்.” கட்டில் மேலிருந்த படத்தைக் காட்டினார். “அவ படத்தை மாட்ட ஒரு ஓட்டை போடணும்னு நினைச்சேன். அவ்வளவுதான். அதுகூட எனக்கு முடியல. எல்லாரும் என்னை மன்னிக்கணும்.”

விசில் டீச்சர் மூச்சை இழுத்தார். “என் பொருளை இன்னொருத்தரோடதுன்னு கொடுத்தீங்களா? டாக்டர், உங்க மெஷினை எரிச்சிருக்கார். என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க. குரூப்ல போடறேன்.”

எல்லாரும் டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் இரண்டும் சிவந்துபோயிருந்தன. அவர் பேசுவதாக இல்லை என்று தெரிந்ததும் அவர் மனைவி எழுந்து புரூஃப் சார் பக்கம் வந்தாள்.

“மன்னிப்பு நாங்கதான் கேக்கணும் சார். அந்த எரிஞ்சு போன மெஷின் உங்களோடதுதான். அக்காகிட்ட ரெண்டு வருஷம் முன்னாடி இரவல் வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க முகமில்லாம வெச்சிருந்தோம். நீங்க குரூப்ல கேட்டதும் எப்படியோ உங்க வீட்டுக்கே போய்ச் சேர்ந்துடுச்சுன்னு இவர் நிம்மதியா இருந்தார், நீங்கதான் விடாம கொண்டு வந்து கொடுத்துட்டீங்க!”