கானாறு தின்ற பதினோரு அடி

ஆலங்காயத்துக்கு அருகிலிருந்து,
கார்த்திகை 12.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை ரத்தினசாமி அவர்களுக்கு, வேதாசலம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர அனைவரும் சௌக்கியம். அங்கே நீங்களும், என் தங்கை முத்துமாரியும், கல்யாணப் பெண் பூர்ணிமாவும் சௌக்கியமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். நமக்குள் பேச்சுதான் இல்லையே தவிர, வேண்டுதலுக்குத் தடை ஒன்றும் இல்லை.

எதிர்க்கரையில் இருக்கும் உங்களிடம் இதைக் கூவியே சொல்லியிருக்கலாம். ஆனால் கானாறு போகிற சத்தத்துக்கு மேலே நான் கத்தினால், கிழவன் மறுபடி சண்டைக்கு வந்துவிட்டான் என்று ஊர் கூடிவிடும். ஆகவே கடிதம். விஷயம் பழையதுதான். மூன்று மழைக்காலத்தில் என் கரையில் பதினோரு அடியைக் காணோம். உங்கள் கரையில் மணல் மேடு ஏறக்குறைய அதே அளவு வளர்ந்திருக்கிறது. ஜேசிபி வைத்து நீங்கள்தான் என் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டீர்கள் என்று போன வருடம் டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொன்னேன். நீங்கள் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். அன்றிலிருந்து முத்துமாரி என் வாசலை மிதிக்கவில்லை. தை மாதம் பூர்ணிமா கல்யாணம் என்று ஊர் பூரா பத்திரிகை போயிருக்கிறது, தாய்மாமன் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பது என் வழக்கம், அவ்வளவுதான்.

முதல் காரியமாக, ஜேசிபி குற்றச்சாட்டை வாபஸ் வாங்குகிறேன். ஜேசிபி வந்திருந்தால் தடம் இருக்கும், டிரைவர் தின்ற பிரியாணிப் பொட்டலம் கிடக்கும், இரண்டும் இல்லை. அப்படியானால் காலில்லாத மண் எப்படிப் போனது? முப்பத்தொரு வருடம் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோலை விரலால் தடவிக் குறை கண்டுபிடித்தவன் நான். ரிடையரான பிறகு கை சும்மா இருந்தது. செக்கிங் டேபிளில் எதிரே உட்கார்ந்திருந்த சுஹேல் அகமதுவை வரவழைத்து, இரண்டு பேரும் கானாறு பிறக்கிற இடத்தைப் பார்க்க மலையேறினோம். அங்கே பாறை வெங்காயம் மாதிரி ஏடு ஏடாக உரிகிறது, மாப்பிள்ளை! சுஹேல் தட்டினார், ஒரு ஏடு கையோடு வந்துவிட்டது. “அரே வேதாசலம், மேல்தோல் தனியா எழும்புது பாரு! நம்ம டேபிளுக்கு வந்திருந்தா ரிஜெக்ட்!” என்றார். பகலில் வெயில் காய்ச்சுகிறது, திடீரென்று மழை நனைக்கிறது, விரிசலில் வேர் புகுந்து நெம்புகிறது. அவ்வளவு பெரிய மலை கொஞ்சம் கொஞ்சமாக உதிருது. மேலே கிடப்பதெல்லாம் முனை கூரான கல். பாதி வழியில் முனை மழுங்கின கல். நம்ம வீட்டாண்ட உருண்டைக் கல்லும் மணலும். யோசித்துப் பாருங்கள், நாம் இரண்டு பேரும் இத்தனை வருஷமாக மலை மேலேயே நின்றுகொண்டு சண்டை போட்டிருக்கிறோம்.

சரி, என் மண் எங்கே போவுதுன்னு கையும் களவுமாப் பிடிக்கணும்னா அதுக்கு அடையாளம் போட்டு அனுப்பணும். தோலில் குறை இருக்கும் இடத்தைச் சுற்றி வட்டம் போடுகிற சில்வர் பேனா வீட்டில் ஒரு டப்பா கிடந்தது. என் கரையிலிருந்து நாற்பது கல் பொறுக்கி, பழக்க தோஷத்தில் சைஸ் வாரியாகப் பிரித்து, ஆறு, ஏழு, எட்டு என்று நம்பர் எழுதி விளிம்பில் அடுக்கினேன். என் வீட்டுக்காரி மீனாம்பாள் பார்த்துவிட்டு, “இன்னாய்யா, கல்லுக்கு ஷூ தைக்கப் போறியா?” என்றாள். அன்னிக்கே மழை. மறுநாள் அரை மைல் தேடினேன், எழுத்தோடு ஒரு கல் இல்லை. போனில் சொன்னதும் சுஹேல் சிரித்த சிரிப்பு இருக்கே! “யோவ், ஈரத்துணியால துடைச்சா போவணும்னுதானே அந்தப் பேனாவையே கம்பெனியில வெச்சிருந்தாங்க? முப்பத்தொரு வருஷம் நீயே துடைச்சியே!” ரொம்பப் பேஜாராகிவிட்டது.

அப்புறம் சிவப்பு எனாமல் பெயின்ட் வாங்கி, வேறு நாற்பது கல்லை அதே மாதிரி சைஸ் நம்பர் வாரியாகப் பிரித்துப் பூசி வைத்தேன். போன வாரம் பெய்த மழையில் குடையோடு நின்று கண்ணால் பார்த்தேன். வளைவுல தண்ணி ஓடிவந்து என் கரையிலதான் முட்டுது, அடியில குடையுது, மேல புல்லு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்குது, அப்புறம் மொத்தமா தொப்புன்னு விழுது. உங்க பக்கம் அதே தண்ணி சோம்பேறியா நகருது, தூக்கிட்டு வந்ததை அங்கேயே போட்டுட்டுப் போவுது. நாற்பது கல்லும் போய்விட்டது. எங்கே போயிருக்கும்? உங்கள் மேட்டில்தான். ஆகவே எடுத்தது தண்ணீர், வைத்துக்கொண்டிருப்பது நீங்கள். நீங்கள் திருடவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வந்த பொருளை உரியவனிடம் சேர்ப்பதுதான் முறை. டிராக்டரில் அனுப்பினாலும் சரி, கூடையில் அனுப்பினாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை நானும் சுஹேலும் வந்து சிவப்புக் கல்லை எண்ணுவோம். தயவுசெய்து ஒளித்து வைக்க வேண்டாம்.

பூர்ணிமா புகுந்த வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும். முத்துமாரிக்கு என் அன்பு; வாங்கிக்கொள்ள மாட்டாள், இருந்தாலும் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
தன் மண்ணை மட்டுமே கேட்கும் உங்கள் மச்சான்,
வேதாசலம்.

பின்குறிப்பு: ஒட்டின கவரைப் பிரிச்சு எழுதறேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியலை. நீங்க ஷிப்ட்டுக்குப் போன நேரமாப் பார்த்து முழங்கால் தண்ணியில இறங்கி உங்க மேட்டுக்கு வந்துட்டேன், மன்னிக்கணும். ரெண்டு மணி நேரம் கிளறினேன். ஒரு சிவப்புக் கல் இல்லை. அங்க இருக்கிறது மேலேர்ந்து வந்த வெள்ளை மணல், என்னுது செம்மண். அப்படியே தண்ணியோட கீழ போனேன். அடுத்த வளைவுல கானாறு உங்க பக்கத்துக் கரையை முட்டுது, எங்க பக்கத்துக் கரையில மேடு போடுது. அந்த மேட்டுல கிடக்குது இருபத்தாறு சிவப்புக் கல்! கனமான எட்டாம் நம்பர் முதல்ல, ஆறாம் நம்பர் கடைசியில, யாரோ உட்கார்ந்து பிரிச்சு வெச்ச மாதிரி. அந்த இடம் யாருதுன்னா, என் மாமனார் மீனாம்பாள் பேர்ல எழுதி வெச்சது. மூணு வருஷமா அங்க கத்திரிக்காய் காய்ச்சுத் தள்ளுது, எல்லாம் என் கைராசின்னு ஊர் பூரா சொல்லிட்டிருந்தேன். மீனாம்பாள் இடுப்புல கை வெச்சு நின்னா. “அப்போ திருடி நான்தானா? வாய்யா டீக்கடைக்கு, அதையும் நாலு பேர் முன்னால சொல்லு.”

போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன் மாப்பிள்ளை. மூணு பேர்தான் இருந்தாங்க, நாலாவது ஆளுக்கு நாளைக்குச் சொல்லிடறேன். தப்பு முழுக்க என்னுது. தங்கச்சி வராத வீட்டுல எனக்குச் சோறு இறங்கலைன்னு அவகிட்டச் சொல்லுங்க. மேல எழுதினதைக் கிழிச்சுப் போட்டுடுங்க. பத்திரிகைகூட வேணாம். கல்யாணத்துல தாய்மாமன் நிக்கிற இடத்துல வேற யாரையாச்சும் நிறுத்தியிருந்தீங்கன்னா, அவரைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க, நான் வந்து நின்னுக்கிறேன்.