குட்டை வயரின் தந்தை

மனிதர்களில் 'கூட இருந்தவர்' என்றொரு இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு பெரிய காரியம் நடந்து முடிந்து, அதற்குப் பேரும் புகழும் வந்து, செய்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்த பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு "அப்ப நானும் அங்கதான் இருந்தேன்" என்று ஆரம்பிப்பவர். இருந்து என்ன செய்தார்? அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவார்.

நம்ம ஸ்டோர்ஸ்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு வீடு டிவிக்கு அடியில் குந்தியிருந்ததே ஒரு சாம்பல் நிற வீடியோ கேம் பெட்டி, கேசட்டை ஊதி ஊதிச் சொருகுவோமே, அது பிறந்த கம்பெனியில் இவர் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, இன்ஜினியர்கள் சீட்டு நீட்டினால் திருகாணி எடுத்துக் கொடுப்பது வேலை. அவ்வளவுதான். ஆனால் ரிட்டயரான பிறகு அந்தப் பெட்டி அவர் வாயில் வளர்ந்த வளர்ச்சி இருக்கிறதே! முதல் வருஷம் 'நான் கொடுத்த திருகாணி' என்றார். மறுவருஷம் அது 'நான் சொன்ன திருகாணி' ஆயிற்று. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது சிவப்புப் பட்டனை வலதுபக்கம் வைத்தவரே அவர்தான். சம்பந்தி வீட்டார் வந்த அன்றைக்கு மொத்தப் பெட்டியையும் பெற்றுப் போட்டுவிட்டார்.

இப்படி இருக்கையில், அந்தப் பெட்டி உருவான உள்கதையைப் புத்தகமாக எழுதும் ஒரு பெண், பழைய ஊழியர்களைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தவள், இவருக்கும் போன் செய்தாள். மனிதர் ஒரே நாளில் இரண்டு தடவை சவரம் செய்துகொண்டார். புத்தகத்தில் பேர்! அச்சில்! வேறென்ன வேண்டும் ஒரு மனிதனுக்கு?

அவள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததுமே, "அந்தச் சிவப்பு பட்டன் என் யோசனைம்மா" என்று ஆரம்பித்தார்.

அவள் நோட்டைப் புரட்டினாள். "பட்டனுக்கு ஏற்கெனவே ஒன்பது பேர் இருக்காங்க சார்."

"சாம்பல் கலர்?"

"பதினாலு பேர். அதுல ரெண்டு பேர் கோர்ட்டுக்குப் போயிருக்காங்க."

"சரி, பேரு? பெட்டிக்குப் பேரு வச்சது?"

"அதை மட்டும் கேக்காதீங்க சார். நோட்டே பத்தலை."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பொடி எழுத்தில்கூட இடம் இல்லையா? கையாலாகாத ஒன்பது பேருக்கு இருக்கிற இடம் தனக்கு இல்லையா?

அவள் நோட்டை மூடினாள். "ஒண்ணே ஒண்ணுக்குத்தான் சார் இன்னும் ஆள் கிடைக்கலை. ஜாய்ஸ்டிக் வயர். அதை ஏன் அவ்வளவு குட்டையா வச்சாங்கன்னு கேட்டா, ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க."

எப்படித் திறப்பார்கள்? அந்த வயர் இரண்டு முழம்கூட இருக்காது. பின்னால் சாய்ந்தால் பெட்டி மடியில் வந்து விழும். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் முழுக்க டிவியில் மூக்கு உரச உட்கார்ந்து விளையாடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார்கள். 'எந்தப் பாவி வெட்டினானோ, அவன் கை விளங்காமல் போக' என்று சாபம் விடாத தாய் கிடையாது. அப்பேர்ப்பட்ட வயர்!

"நான்தான் வெட்டினேன்" என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "என்னங்க, வயர் வந்த மாசம் பூரா நீங்க மஞ்சக்காமாலையில படுத்துக் கெடந்தீங்க. லீவு லெட்டரை நான்தானே கொண்டுபோய்க் குடுத்தேன்!"

"படுத்துதான் கெடந்தேன். தூங்கினேன்னு யாரு சொன்னா? படுத்துக்கிட்டே யோசிச்சேன். நீளமா இருந்தா கால் தடுக்கும், வெட்டுங்கடான்னு சொல்லி அனுப்பினேன்."

"யார்கிட்ட சொல்லி அனுப்பினீங்க?"

"உனக்கு ஞாபகம் இருக்காது. விடு."

புத்தகம் வந்தது. வயருக்கென்றே தனி அத்தியாயம். முழுப்பக்கப் படத்தில் இவர் கையில் கத்திரிக்கோலோடு சிரிக்கிறார். சொந்தபந்தம் எல்லோருக்கும் ஆளுக்கொன்று அனுப்பிவைத்தார். மகனுக்கும்.

மூன்றாம் நாள் மகன் வந்தான். எட்டு வயதிலிருந்து சோடாபாட்டில் கண்ணாடி. ரயில் ஓட்ட வேண்டும் என்று உயிரை விட்டவன். கண் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். இன்றைக்கு ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறான்.

"அப்பா, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இது நீங்க இல்லதானே?"

மனைவி "சொல்லித் தொலைங்களேன்" என்று கண்ணால் கெஞ்சினாள். 'இல்லடா கண்ணா, நான் காமாலையில கெடந்தேன்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சத்தியமாக வந்தது. அப்போது பார்த்து, மகன் கையிலிருந்த புத்தகம் அந்தப் பக்கத்தில் விரிந்திருந்தது.

"போட்டோ நல்லா விழுந்திருக்கு இல்ல?" என்றார்.

மகன் செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான். போனை எடுப்பதில்லை. பேத்தியையும் அனுப்புவதில்லை. ஸ்டோர்ஸ்காரர் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து அழுதார்.

மறுவாரம் அந்தப் பெண்ணிடமிருந்து கடிதம். பேக்கிங் பிரிவில் இருந்த ஒரு ஃபோர்மேன், வயரை வெட்டியது தான்தான் என்று சண்டைக்கு வந்திருக்கிறாராம். அடுத்த பதிப்பில் யார் பேரைப் போடுவது?

"அப்பாடா!" என்று மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். "அந்தப் புண்ணியவான் பேரையே போடச் சொல்லுங்க. இப்பவே பிள்ளைகிட்ட போய்ச் சொல்லிட்டு வந்துடலாம், கெளம்புங்க."

"எதுக்குடி போடணும்?" என்று குதித்தார் மனிதர். "பெத்த பிள்ளையையே பறிகொடுத்து வாங்கின பேரு! நேத்து வந்த ஃபோர்மேனுக்குத் தூக்கிக் குடுத்துடுவேனா?"

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மகன் வீட்டுக்கு அல்ல, ஃபோர்மேன் வீட்டுக்கு.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். நாளைக்கு ஆபீஸில் டீ குடிக்கும்போது இந்தக் கதையை யாரிடமாவது சொல்லத்தான் போகிறீர்கள். 'எங்கேயோ படிச்சேன்' என்றா சொல்வீர்கள்? இரண்டாவது ஆளிடம் சொல்லும்போது 'எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்' என்பீர்கள். ஐந்தாவது ஆளிடம் 'எங்க பக்கத்து வீட்டுக்காரர்' ஆகிவிடும். அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் இருந்தது நான். மகன் வந்தபோது கதவைத் திறந்துவிட்டதே நான்தான்.