நூகு பாய் எழுத்துச் சொல்லிக்கொடுத்த கதை

பிள்ளை முதன்முதலாக எழுத்துக்கூட்டி வாசித்த நாளை மறக்காத தகப்பன்மார் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது உங்கள் பக்கத்து நாற்காலியில் வந்து அமர்வார், உங்கள் மடியில் இருக்கும் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, “என்ன வயசு, மூணா? இன்னும் வாசிக்கலையா?” என்பார், நீங்கள் தலையாட்டி முடிப்பதற்குள், இப்போது முப்பத்துமூன்று வயதும் பாதி வழுக்கையுமாகத் துபாயில் ஏசி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கும் தன் பிள்ளை ஒரு காலத்தில் எப்படி வாசித்தது என்று ஆரம்பித்துவிடுவார். முடிப்பாரா? பந்தி முடிந்துவிடும். அவர் முடிக்கமாட்டார்.

இந்த இனத்தில் மேலப்பாளையம் நூகு பாயை மிஞ்சிய ஆள் தாமிரபரணிக்கு இந்தக் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை. இருபத்திரண்டு வருடம் சவூதியில், தம்மாமில் ஒரு கம்பெனிக் கிட்டங்கியில் சாமான் எடுத்துக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர். திரும்பி எட்டு வருடமாகிறது. அந்த எட்டு வருடமும் அவர் முழுநேரமாகச் செய்துவரும் தொழில், மகன் சதாமுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததை நினைத்துப்பார்ப்பது.

நினைவு இதுதான். அடுக்களை வாசலில் உட்கார்ந்து, சுளகில் பச்சரிசியைப் பரப்பி, சதாமின் பிஞ்சு விரலைப் பிடித்து அவர் ‘அ’ எழுதவைத்தார். பத்தே நாளில் ஃ வரை முடிந்தது. பதினோராம் நாள் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார். வந்த பஸ்ஸின் பலகையைப் பிள்ளை கடகடவென்று வாசித்துவிட்டது. மகள் ஸமீஹா படித்த கதையும் இதேதான். சுளகு மட்டும் வேறு.

ஆரம்பத்தில் அந்தப் பலகையில் ‘பேட்டை’ என்றுதான் இருந்தது. பையனுக்கு மூன்றரை வயது. அடுத்த பெருநாளில் பேட்டை தச்சநல்லூராயிற்று, பையனுக்கு மூன்று வயதாயிற்று. சேரன்மகாதேவியில் இரண்டேமுக்கால். ஊர் நீள நீள வயது குறைந்தது. போன வருடம் பஸ் விக்கிரமசிங்கபுரத்தில் போய் நின்றபோது டீக்கடை சுடலையாண்டிக்கே பொறுக்கவில்லை.

“பாய், ரெண்டு வயசுப் புள்ள விக்கிரமசிங்கபுரம்னு வாசிச்சானா? நம்ம கண்டக்டரே அதச் சொல்ல முடியாம பாவநாசம்னுதான கூவுதான்!”

“வாசிச்சானான்னா கேக்குதீரு? மேல இருக்க புள்ளியக்கூட விடலவே!”

கணக்குப் பார்க்கிற புத்தி உங்களுக்கு இருந்தால், இங்கே ஒன்று இடித்திருக்க வேண்டும். சதாமுக்கு ஒரு வயதாக இருக்கும்போது விமானம் ஏறியவர் நூகு பாய். முதல் விடுப்பில் வந்து இறங்கியபோது பையன் இரண்டாம் வகுப்பை முடித்திருந்தான். அப்படியென்றால் பொய் சொல்கிறாரா? இல்லை. அதுதான் இந்த இனத்தின் விசேஷம். பொய்யனுக்கு உண்மை எதுவென்று தெரியும். நூகு பாய்க்குத் தெரியாது. அரிசியின் வெள்ளையும் பிள்ளையின் நகத்தில் ஒட்டிய மாவும் அவருக்கு நேற்றுப் பார்த்ததுபோல் தெரியும்.

உண்மை தெரிந்தவர் ஒருவர் உண்டு. அவர் மனைவி சுபைதா பேகம். எட்டு வருடமாக இந்தக் கதையை அடுக்களையிலிருந்து கேட்டவர், குறுக்கே ஒரு சொல் சொன்னதில்லை. விருந்தாளி போனபிறகு, “டீ ஆறிப்போச்சு” என்பார். அவ்வளவுதான்.

இப்படியே போயிருந்தால் ஒன்றுமில்லை. தெருமுனையில் சிறுபிள்ளைகள் பள்ளி ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிற ஞானசௌந்தரி டீச்சர், பெற்றோர் கூட்டத்தில் பேசுவதற்கு ஆள் தேடினார். ‘பிள்ளையை வாசிக்கவைப்பது எப்படி’ என்பது தலைப்பு. இந்த விஷயம் நூகு பாய் காதில் விழுந்தது. அதற்கப்புறம் டீச்சர் தேடவேண்டியிருக்கவில்லை.

கூட்டத்தன்று காலையில் அவர் சுபைதாவிடம் சுளகும் ஒரு படி பச்சரிசியும் கேட்டார்.

“எதுக்கு?”

“செய்து காட்டணும்லா?”

சுபைதா எடுத்துக்கொடுத்தார். கொடுத்துவிட்டு, என்றும் இல்லாத வழக்கமாக, தானும் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அறுபது தாய்மார், ஏழு தகப்பன்மார். இவ்வளவு பெரிய சபையை நூகு பாய் வாழ்நாளில் கண்டதில்லை. அதற்கு ஏற்றபடி பஸ்ஸும் அன்றைக்கு ஆழ்வார்திருநகரி வழியாகத் திருச்செந்தூர் வரைக்கும் போயிற்று. சதாமின் வயது ஒன்றேமுக்காலுக்கு இறங்கிற்று. கைதட்டினார்கள். உற்சாகத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கி மேடையில் உட்காரவைத்து, சுளகில் அரிசியைப் பரப்பி, விரலைப் பிடித்தார். பிள்ளை விரலை உருவிக்கொண்டு, ஒரு பிடி அரிசியை அள்ளி வாயில் போட்டு மென்றது. அவர் மறுபடி பிடித்தார். அது மறுபடி மென்றது. மூன்றாவது தடவை அவர் விரலையே கடித்தது.

“இந்தக் காலத்துப் புள்ளைக” என்று சமாளித்துக்கொண்டிருக்கும்போது, நடுவரிசையில் ரைஹானத் என்ற இளம்பெண் எழுந்தாள். கிண்டல் செய்கிறவள் இல்லை. புருஷன் கத்தாரில், நாலு வயது மகள் எழுத்தைக் கண்டாலே ஓடுகிறாள், அந்தக் கவலையில் குறிப்பு எழுத நோட்டும் பேனாவுமாக வந்திருந்தாள்.

“மாமா, சதாம் காக்காவும் எங்க மூத்த லாத்தாவும் ஒரே கிளாஸ்லதான் படிச்சாவ. அப்ப நீங்க தம்மாம்லதான இருந்திய? அங்கன இருந்துக்கிட்டே எப்படிச் சொல்லிக்குடுத்திய? சொன்னியன்னா எங்க வீட்ல உள்ளவ்வொகிட்டயும் சொல்லுவேன்.”

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

நூகு பாய் வாயைத் திறந்தார். பதில் அந்த நினைவில்தானே இருக்கிறது, எடுத்துச் சொல்லிவிடலாம் என்று கண்ணை மூடிப் பார்த்தார். எல்லாம் இருந்தது. அடுக்களை வாசல் இருந்தது, அரிசி இருந்தது, பிள்ளையின் விரல் இருந்தது. விரலைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அதில் கண்ணாடி வளையல் கிடந்தது.

மைக் ‘ஙொய்’ என்றது. அறுபது தாய்மாரும் ஏழு தகப்பன்மாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி இந்தத் தெருவில் எப்படி நடப்பது என்ற எண்ணம் வந்தபோது, பின்வரிசையில் சுபைதா பேகம் எழுந்தார். தொலைந்தோம் என்று நினைத்தார் நூகு பாய்.

“இவ்வொதான் படிக்கவச்சாவ” என்றார் சுபைதா. “அரிசில வெரல் புடிச்சது நான். ஆனா அதுல அவன் எழுத்துத்தான் எழுதினான், வாசிக்கல. வாசிக்கவச்சது இவ்வொ காயிதம். மாசம் ஒண்ணு வரும். கோழி கிண்டுன மாதிரி எழுத்து. நான் அஞ்சாங்கிளாஸ், எனக்கும் புரியாது. தபால்காரருக்கும் புரியாது. ஒரு தடவ பெருநாளைக்கு முன்னாடி ஒரு காயிதம். ‘வீட்டைப் பூட்டு’ன்னு எழுதியிருக்காவ. ஏன் எதுக்குன்னு தெரியல. புருஷன் சொல்லு, தட்ட முடியுமா? வீட்டப் பூட்டிட்டு, புள்ளயத் தூக்கிட்டு ஏர்வாடில எங்க உம்மா வீட்டுக்குப் போயிட்டேன். அங்கன ஒரே அழுக. எல்லாரும் என்னமோ ஆயிப்போச்சுன்னு நெனச்சுட்டாவ.”

ரைஹானத் நோட்டில் பக்கத்தைத் திருப்பினாள்.

“நாலாம் நாள் சதாம் அந்தக் காயிதத்த எடுத்து, ஒவ்வொரு எழுத்தா வெரல வச்சுத் தடவித் தடவிப் பாத்தான். அப்பதான் ஒண்ணாங்கிளாஸ். ‘உம்மா, இது ட்டு இல்ல, சு’ன்னான். வீட்டைப் பூசு! வெள்ளையடிக்கச் சொல்லியிருக்காவ! அன்னைக்கோட அவனுக்கு வாசிப்பு வந்துட்டு. இவ்வொ எழுத்த வாசிச்ச புள்ளைக்கு வேற எந்த எழுத்தும்மா கஷ்டம்?”

சிரிப்பு கூரையைத் தூக்கியது. ஞானசௌந்தரி டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரைஹானத் மட்டும் கவலையோடு கேட்டாள்:

“எங்க வீட்ல உள்ளவ்வொ எழுத்து முத்து முத்தால்லா இருக்கும் மாமி?”

“அப்படின்னா புள்ள பைய பையத்தான் படிக்கும். எதுக்கும் எழுதச் சொல்லு.”

ரைஹானத் அதையும் எழுதிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது கால்வாய்ப் பாலத்தில் நின்று நூகு பாய் கேட்டார்.

“அந்தச் சுளகு, அரிசி எல்லாம் நான் எங்கன பாத்தேன் சுபைதா?”

“நான் எழுதின காயிதத்துல.”

“ஒரே ஒரு காயிதத்துலயா?”

“ஒண்ணுதான். நீங்க எத்தன தடவ வாசிச்சியளோ.”

அவர் எண்ணிப்பார்த்தார். தம்மாமில் கட்டிலுக்கு மேல் ஒட்டிவைத்திருந்த காகிதம். மடிப்பில் கிழிந்து மருந்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய காகிதம். எண்ணி முடியவில்லை.

“இத்தன வருசம் ஏன் சொல்லல?”

“அம்புட்டு தடவ வாசிச்சிருக்கியளேன்னு சந்தோசமா இருந்துச்சு.” இரண்டு எட்டு நடந்தபிறகு சொன்னார்: “விக்கிரமசிங்கபுரம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.”

மூன்று நாள் நூகு பாய் டீக்கடைப் பக்கம் வரவில்லை. திருந்திவிட்டார் என்று ஊர் நினைத்தது. நீங்களும் அப்படித்தானே நினைத்தீர்கள்? நான்காம் நாள் வந்தார். டீ வாங்கினார். பக்கத்தில் பேரனோடு உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கம் மெதுவாக நகர்ந்தார்.

“புள்ள வாசிக்கணும்னா ஒரு வழி இருக்கு. எழுத்த வேணும்னே கோணலா எழுதிக் குடுக்கணும். நான் தம்மாம்ல ராவும் பகலும் யோசிச்சுக் கண்டுபிடிச்ச முறை. எனக்கென்ன, நல்லா எழுதத் தெரியாதா? புள்ளைக்காவ எம் எழுத்தையே கெடுத்துக்கிட்டம்வே!”

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் பிள்ளை முதலில் வாசித்த சொல் உங்களுக்கு அப்படியே நினைவிருக்கிறது. நீங்கள் பக்கத்திலேயே இருந்தீர்கள். ஒரு எழுத்துக்கூட மிகையில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படி வாசித்தது மூத்ததா, இளையதா என்று கேட்டால் மட்டும் ஏன் கூரையைப் பார்க்கிறீர்கள்?