சங்கப் பாட்டிலிருந்து சத்தம் நீக்கிய வரலாறு

மனித குலம் மூன்று முறை முன்னேறியிருக்கிறது. முதலில் நெருப்பு, அடுத்து சக்கரம், பிறகு இரைச்சல் நீக்கும் மென்பொருள். முதல் இரண்டையும் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். மூன்றாவதற்காக, தேனாம்பேட்டையில் ஒரு மாடியறையில் நடக்கும் ‘வீட்டிலேயே ஒலிப்பதிவு’ மாலை வகுப்பில் சேர்ந்தேன். பகலில் ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடி விற்கிறேன். ஆக, பகலில் கண்ணுக்கும் மாலையில் காதுக்கும் தெளிவு வழங்குகிறேன். எனக்குத்தான் எதிலும் தெளிவு கிடையாது. அதனால் ஆசிரியர் ஸ்ரீரங்கன் சொல்வதை அன்றன்றே நாட்குறிப்பில் எழுதிவைப்பேன்.

அவருடைய முதல் விதி: “குரல் முன்னாடி நிக்கணும். வாத்தியம் வழி விடணும்.”

இந்த விதியை நிலைநாட்ட அவருக்கும் எனக்கும் மயிலாப்பூரில் ஒரு பதிவு வாய்ப்பு வந்தது. ஓர் ஆறு மாடிக் குடியிருப்பின் நலச்சங்கம், ஆண்டு விழாவுக்காக ‘நாம் அனைவரும் ஒரே குடும்பம்’ என்று ஒரு பாட்டை உருவாக்கியிருந்தது. எழுதியவர், இசையமைத்தவர், வீணை வாசித்தவர், சங்கத் தலைவி எல்லாமே ஜெயலக்ஷ்மி மாமி. பாடவும் அவரே முன்வந்தார். சுருதி திருத்தும் மென்பொருள் இரண்டு முறை முயன்றது. மூன்றாம் முறை தானாகவே மூடிக்கொண்டது.

அப்போது படிக்கட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. பெருக்கிக்கொண்டே பாடியவர் தேவானை. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து இந்தக் குடியிருப்பில் வேலை பார்ப்பவர். லிப்ட் கதவில் ‘பணிப்பெண்கள் பயன்படுத்தக் கூடாது’ என்று ஒட்டியிருந்தது. படிக்கட்டின் எதிரொலி குரலுக்கு நல்லது என்பதால் சங்கம் அப்படி முடிவெடுத்திருக்கும் என்று குறித்துக்கொண்டேன்.

“தேவானை, இந்தப் பாட்டைப் பாடறியா?” என்றார் மாமி.

“பாடறேன் மேடம். எனக்கு இன்னா குடுப்பீங்க?”

“என்ன வேணும்?”

“லிப்டு. முட்டி தேஞ்சி போச்சு மேடம். மாடி ஏறாதன்றாரு டாக்டரு. நான் ஏறலன்னா எங்கூட்ல அடுப்பு எரியாது.”

மாமி கண்ணை மூடினார். தலைவி, செயலாளர், பொருளாளர் ஆகிய மூன்று பொறுப்புகளும் அவருக்குள்ளேயே கூடி ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றின. “பாட்டுல உன் குரல் இருந்தா, லிப்ட்ல நீ இருக்கலாம்.”

பதிவு மாமியின் படுக்கையறையில். எதிரொலியை விழுங்கப் பட்டுப்புடவையைவிடச் சிறந்த துணி இல்லை என்று ஸ்ரீரங்கன் அறிவித்தார். பீரோவைத் திறந்து, தேவானையை அதற்குள் முகம் நீட்டி நிற்கவைத்தோம்.

“பாடிண்டே இரு. ஆனா புடவை மேல மூச்சு படாம பாத்துக்கோ.”

“மூச்சு வுடாம எப்டி மேடம் பாடறது?”

“அதெல்லாம் சார் சாஃப்ட்வேர்ல பாத்துப்பார்.”

பாடினார். ஹெட்போனில் அந்தக் குரல் பீரோவைத் தாண்டி வந்து என் எதிரே நின்றது. நன்றாக இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. இது எனக்குப் புதிய அனுபவம்.

முடிவில், முறைப்படி, பத்து நொடி அமைதி. யாரும் பேசாமல் இருக்கும்போது அறையில் கேட்கும் மின்விசிறிச் சத்தத்தைப் பதிந்து, ‘இதுதான் இரைச்சல்’ என்று மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். அதன் சாயலில் உள்ளதையெல்லாம் பாட்டு முழுக்கத் தேடிப்பிடித்து அது துடைத்துவிடும். ஸ்ரீரங்கன் கையை உயர்த்தினார். நாங்கள் சிலையானோம்.

“மேடம், அந்த லிப்டு மேட்டர மறந்துற மாட்டீங்களே? நாளிக்கே ஏறலாமா? முட்டி வீங்கிக்கினு கீது மேடம்…”

பத்து நொடி முடிந்தது.

“சார், நடுவுல அவங்க பேசிட்டாங்க. இன்னொரு தடவை எடுக்கலாமா?” என்றேன்.

மாமி குறுக்கிட்டார். “எதுக்கு? லிப்ட் லிப்ட்டுனு அது எப்பவும் இருக்கற சத்தம்தானே. அதையே வெச்சுக்கோங்கோ.”

“எப்பவும் இருக்கறதுதான் இரைச்சல். விதியே அதான்,” என்றார் ஸ்ரீரங்கன்.

காட்டினேன். மென்பொருள் நேர்மையாக உழைத்தது. தேவானையின் சாயலில் இருந்த அனைத்தும் துடைக்கப்பட்டன. மிஞ்சியது, யாரோ தண்ணீர் சம்ப்புக்குள் இறங்கி வாய் கொப்பளிப்பது போல ஒரு முனகல். மின்விசிறிச் சத்தமும் அதோடு போயிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே வீணை.

“ஒரே ஒரு பொத்தான் மேடம், குரலைத் திரும்பக் கொண்டுவந்துடலாம்,” என்றேன் மாமியிடம்.

“எதையும் தொடாதே. என் வீணை இவ்வளவு தெளிவா விழுந்ததே இல்லை.”

நான் நாட்குறிப்பைப் புரட்டினேன். “வாத்தியம் வழி விடணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

“வழி விடறதுக்கு எதிர்ல யாராவது வரணுமோல்லியோ?” என்றார் ஸ்ரீரங்கன்.

ஆண்டு விழாவில் பாட்டு ஒலித்தது. ‘ஒரே குடும்பம்’ என்ற சொற்கள் ஒருவர் காதிலும் விழவில்லை. ஆனாலும் எல்லோரும் உருகினார்கள். தேவானை நாற்காலிகளை அடுக்குவதை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

“நைனா, நான் எப்ப வருவேன்?”

“பாட்டு முடிஞ்சிடுச்சுக்கா.”

மறுநாள், மாமி வீட்டில் விட்டுவந்த ஹெட்போனை எடுத்துப்போக வந்தவன், லிப்ட் வாசலில் மாமியையும் தேவானையையும் பார்த்தேன்.

“பாட்டுல உன் குரல் இருந்தா லிப்ட்னுதானே சொன்னேன்? நீயே கேட்டியே, இருந்துதா?” என்றார் மாமி.

“பாடுனேனே மேடம்.”

“பாடினே. இல்லேன்னேனா? சங்கம்னா ஒரு நியாயம் வேண்டாமா?”

மாமி லிப்டில் ஏறினார். தேவானை துடைப்பத்தை ஊன்றி முதல் படியில் கால் வைத்தார். பாடவில்லை.

‘இரைச்சலே இல்லாத பதிவு’ என்று வகுப்பில் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தப் பெருமை என்னுடையதும் அல்ல, மென்பொருளுடையதும் அல்ல. எது இரைச்சல் என்று பாவம், அதற்குத் தானாகத் தெரியாது. வீட்டுக்காரர்கள்தான் காட்டிக்கொடுக்க வேண்டும்.