விதானையார் குடியிருந்த மூன்று நாள்

யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுப்பதுதான் என்னுடைய தொழில். கிராம அலுவலர் என்பது கடதாசியில் உள்ள பெயர்; தீவில் இன்னமும் விதானையார்தான். என்னுடைய உத்தியோக காலத்தில் பொய்யாக ஒரு வதிவிட அத்தாட்சிகூட நான் கொடுத்ததில்லை. சொந்தச் சித்தப்பா கேட்டும் மறுத்து, அவர் மகளின் கலியாணத்தில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவன். (சோறு வந்தது. கறி வரவில்லை.) அப்படிப்பட்ட நான் குடியிருப்பு விஷயத்தில் ஒரேயொரு முறை பொய் சொன்னேன். அதுவும் எனக்காக.

என் மகள் ஆரணிக்கு அப்போது ஐந்து வயது. முதலாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். எங்கள் வீடு புங்குடுதீவில். படலையைத் திறந்தால் நேரே தெரிவது அரசாங்கப் பள்ளிக்கூடம். நல்ல கட்டடம், புது வர்ணம், கணினி அறைகூட உண்டு. எல்லாம் வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்களின் உபயம். அவர்களால் அனுப்ப முடியாமற் போனது பிள்ளைகளைத்தான். அந்த வருடம் முதலாம் வகுப்புக்கு வரக்கூடிய பிள்ளைகள் இரண்டே இரண்டு பேர். ஒன்று ஆரணி. மற்றது நாலு வீடு தள்ளி இருந்த வதனியின் மகள் கவிநிலா. (நாலு வீடு என்று கணக்குக்குச் சொல்கிறேன். இடையில் உள்ள மூன்றும் பூட்டிக் கிடந்தன.)

என் மனைவி சுகந்திக்கு ஒரு திட்டம் இருந்தது.

"யாழ்ப்பாண ரவுணுக்குக் கிட்ட, அல்லைப்பிட்டியில ஒரு வீடு வாடகைக்கு எடுப்பம். ரவுணில இருக்கிற தனியார் பள்ளிக்கூடத்து வான் அதுவரைக்கும் வருது. அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர் எங்க இருக்கிறியள் எண்டெல்லாம் விசாரிக்காயினம்."

"அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தனியாருக்கு அனுப்புறதோ? என்ர பிள்ளை அரசாங்கப் பள்ளிக்கூடத்திலதான் படிக்கும்!" என்று மேசையில் தட்டினேன். தட்டிய வேகத்தில் தேத்தண்ணி ஊற்றுப்பட்டது.

"அப்ப நல்லது. முன்னுக்குத்தானே கிடக்கு. போய்ச் சேர்த்துவிடுங்கோ."

"அது வேற."

"என்ன வேற? அதுவும் அரசாங்கம்தானே?"

என்னிடமும் ஒரு திட்டம் இருந்தது. யாழ்ப்பாண ரவுணில் பேர்பெற்ற ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடம். அதில் இடம் கிடைக்க வேண்டுமென்றால் அதற்குக் கிட்டக் குடியிருக்க வேண்டும். சுகந்தியின் பெரியம்மா வீடு அதன் மதிலிலிருந்து கூப்பிடு தூரம். பெரியம்மா கனடாவில் மகனோடு போய் இருந்துவிட்டதால் வீடு பூட்டிக் கிடந்தது. ஆரணி தவழத் தொடங்கிய காலத்திலேயே எங்கள் பெயர்களை அந்த விலாசத்து வாக்காளர் இடாப்பில் பதிந்துவிட்டேன். (எந்தக் கடதாசி எத்தனை வருடத்துக்கு முன்னால் வேண்டும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?) அந்தப் பிரிவு விதானை என் நண்பர். "நீர் சொன்னாச் சரிதானே" என்று கேள்வி கேட்காமல் கையெழுத்து வைத்தார். அவருடைய அந்த நம்பிக்கையை நான் அன்றைக்கு ஒரு வசதியாக மட்டுமே பார்த்தேன்.

ஒரு பின்னேரம் வதனி வந்தாள். அவள் கணவர் கட்டாரில் வேலை. தாயும் மகளும் மட்டும்தான் வீட்டில்.

"விதானை அண்ணை, ஒரு கதை அடிபடுது. நீங்கள் பிள்ளையை ரவுணில சேர்க்கப் போறியளாம்?"

"ஆர் சொன்னது?"

"ஆரோ சொல்லிச்சினம். கவிக்கு ஆரணி ஒராள்தான் அண்ணை. அவவும் இல்லாட்டி என்ர பிள்ளை தனிய இருந்து படிக்கவேணும். போறதெண்டால் இப்பவே சொல்லுங்கோ. கிளிநொச்சியில அக்கா இருக்கிறா, நான் அவவோட கதைச்சு ஏதாவது பாக்கவேணும்."

"நான் எங்க வதனி போறது? விதானை பிரிவை விட்டுப் போக ஏலாது" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "நானும் அப்பிடித்தான் சொன்னனான் அண்ணை. விதானை அண்ணை சொல்லாமப் போகமாட்டார் எண்டு" என்றுவிட்டுப் போனாள். சுகந்தி குசினிக்குள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இரவு என்னுடைய சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

விண்ணப்பித்தவர்கள் உண்மையாகவே அந்த வீட்டில் இருக்கிறார்களா என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள். "இந்தக் கிழமை வருவினமாம்" என்று துப்புக் கிடைத்ததும் மூன்று நாள் லீவு போட்டுவிட்டுக் குடும்பத்தோடு பெரியம்மா வீட்டில் போய் இறங்கினேன். விளக்குமாறு, அம்மி, சுவாமிப் படம், செத்தல் மிளகாய் காயப்போடச் சுளகு என்று எல்லாவற்றையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். குடியிருப்பவர்கள் வீட்டில் கொடியில் உடுப்புக் காயவேண்டுமே என்று ஒரு வரிசை உடுப்பை நானே தொங்கவிட்டேன்.

சுகந்தி வெளியே வந்து பார்த்தாள். "இஞ்சேருங்கோ, ஸ்திரிக்கை போட்டு மினுக்கி மடிச்ச உடுப்பை ஆர் கொடியில போடுறது?" என்றாள்.

மூன்றாம் நாள் காலமை வந்தார்கள். ஒரு ரீச்சர், பழைய மாணவர் சங்கத்துப் பெரியவர் ஒருவர், எழுத்து வேலைக்கென்று கோப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு லிகிதர். நான் படலையைத் திறக்கப் போனேன். பக்கத்து வீட்டு நாய் வேலிக்கு மேலால் பாய்ந்து பாய்ந்து குலைத்தது. வந்த மூன்று பேரையும் அது கவனிக்கவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் குலைத்தது.

"உங்களோட பழக்கமில்லைப் போல" என்றார் ரீச்சர்.

"அது... கொஞ்சம் மறதிக்கார நாய்" என்றேன். (அப்படியேதான் சொன்னேன். சத்தியமாக.)

விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினேன். வெக்கை. காற்றாடியைப் போடுவோம் என்று ஒரு சுவிச்சை அழுத்தினேன். முற்றத்து லைற் எரிந்தது. அடுத்தது, குசினியில் ஏதோ உறுமியது. மூன்றாவதற்கு மணி அடித்தது. நாலாவதை அழுத்த எனக்குத் துணிவு வரவில்லை. பெரியவர் கடதாசி ஒன்றை எடுத்து விசுக்கிக்கொண்டார். சற்று நேரத்தில், "தம்பி, பாத்ரூமுக்கு ஒருக்காப் போகவேணும்" என்று எழும்பினார். வீட்டுக்காரனுக்கே உரிய தோரணையில் முன்னால் நடந்து, "இதுதான் ஐயா" என்று ஒரு கதவை அகலத் திறந்தேன். சுவரோடு சேர்த்துக் கட்டிய அலுமாரி. பெரியம்மாவின் சீலைகள் பூச்சி உருண்டை மணத்தோடு அடுக்கி இருந்தன. பெரியவர் சீலைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பரவாயில்லைத் தம்பி, நான் பொறுக்கிறன்" என்று திரும்பிப்போய் இருந்துவிட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் நம்பிக்கையை விடவில்லை. ரீச்சர் ஆரணியைக் கிட்டக் கூப்பிட்டார்.

"பிள்ளையின்ர வீடு எங்க இருக்கு?"

மூன்று நாளாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆரணி என்னைப் பார்த்தாள். ரீச்சரைப் பார்த்தாள். மிகவும் மரியாதையாகக் கேட்டாள்:

"எங்கட வீடோ ரீச்சர், அப்பா சொல்லச் சொன்ன வீடோ?"

லிகிதர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். அவருடைய தோள் குலுங்குவது தெரிந்தது.

"உங்கட வீடு" என்றார் ரீச்சர்.

"அதுக்கு பஸ்ஸில போகவேணும். ரெண்டு பக்கமும் கடல் வரும். அங்க கவிநிலா இருக்கிறா. நாங்கள் ரெண்டு பேரும் ஒரு மேசையில இருக்கப்போறம்." சொல்லிக்கொண்டு வந்தவளுக்குத் திடீரென்று உதடு கோணியது. "அப்பா, எப்ப வீட்ட போறது?"

சுகந்தி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே இருந்து அழுகைச் சத்தம் வந்துகொண்டேயிருந்தது.

ரீச்சர் கோப்பைப் புரட்டினார். "தொழில்... கிராம அலுவலர்" என்று வாசித்து நிறுத்தினார். பெரியவர் விசுக்குவதை விட்டார்.

"அங்க பள்ளிக்கூடம் இல்லையோ?" என்று ரீச்சர் கேட்டார்.

"இருக்கு."

"எவ்வளவு தூரம்?"

"படலைக்கு முன்னால."

ரீச்சர் என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பள்ளிக்கூடத்தில நான் ரெண்டு வருசம் படிப்பிச்சனான். பிறகு மாற்றம் எடுத்துக்கொண்டு வந்திட்டன். உங்களைப் பேச எனக்கு வாயில்லை" என்றார். "விண்ணப்பத்தை நீங்களே திருப்பி எடுங்கோ. நாங்கள் நிராகரிச்சால் காரணம் எழுதவேணும்."

அந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்தேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ கடிதம் எழுதிய கை, அந்த நாலு வரிக்கு மூன்று கடதாசி கேட்டது.

அன்றைக்குப் பின்னேரமே பஸ் எடுத்தோம். ஆரணிக்குப் பெரிய சந்தோஷம். யன்னலோரம் ஏறி நின்று, "நான் கவிக்கு அந்த நாயைப் பற்றிச் சொல்லுவன்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். இறங்கியதும் வதனி வீட்டுக்கு ஓடினாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அப்பா, கவி இல்லை. கிளிநொச்சிக்குப் போட்டாவாம்."

அடுத்த நாள் காலமை நான் போய்க் கந்தோர் கதவைத் திறக்க முன்னமே வதனி வாசலில் நின்றாள். நான் குடும்பத்தோடு சாமான் ஏற்றிக்கொண்டு போனதை ஊரே பார்த்திருக்கிறது. அன்றைக்கே அவள் மகளைத் தமக்கையிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

"அண்ணை, பிள்ளை இப்ப இஞ்ச இல்லையெண்டு விதானையின்ர கடிதம் வேணுமாம். அங்கத்தைய பள்ளிக்கூடத்தில கேட்டவை."

"வதனி, நாங்கள் போகேல்லை. திரும்பி வந்திட்டம். கவியைக் கூட்டிக்கொண்டு வாரும்."

"சேர்த்தாச்சு அண்ணை. வகுப்பில முப்பது பிள்ளையள்." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "நீங்கள் கேட்டவுடன சொல்லியிருக்கலாம். நான் கோவிச்சிருக்க மாட்டன். ஆர்தான் இஞ்சயிருந்து போகேல்லை? அண்டைக்கே சொல்லியிருந்தால் நானும் ஒரு வீடு பாத்துப் பிள்ளையோட போயிருப்பன். அவசரத்தில அவவைத் தனிய விட்டிட்டு வந்திட்டன். என்னை விட்டு ஒருநாளும் படுக்காத பிள்ளை."

'மேற்படி பிள்ளை எனது பிரிவில் வசிக்கவில்லை என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்' என்று எழுதி முத்திரை குத்தினேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

ஆரணியை முன்னால் இருந்த பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். முதலாம் வகுப்பில் ஒரு ரீச்சர், ஒரு பிள்ளை. தவணை முடிவில் அறிக்கை வந்தது: மாணவர் தொகை ஒன்று, பெற்ற நிலை ஒன்று. கனடாவிலிருந்து பெரியம்மா போனில், "எங்கட குடும்பத்தில வகுப்பில முதலாம் பிள்ளையாய் வந்தது இவதான்" என்று பெருமைப்பட்டார். நாங்கள் திருத்தவில்லை. விளையாட்டுப் போட்டியில் முதலாம் வகுப்புக்கு ஓட்டம் வைத்தார்கள். விசில் ஊதியதும் ஓடினாள். பாதி தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒருவரும் வரவில்லை. நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். அவள் அங்கேயே நின்றாள். சுகந்தி போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு எல்லைக் கயிற்றைத் தாண்டினாள்.

அடுத்த வருடம் மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு, சுகந்தி முதலிலேயே சொன்னபடி அல்லைப்பிட்டிக்குப் போனோம். தனியார் பள்ளிக்கூடம், வாசலுக்கு வான். (நான் மேசையில் தட்டவில்லை.) முதற் கிழமையே வகுப்பு ரீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். புகார் என்று சொல்ல முடியாது என்று தொடங்கினார்.

"நான் எந்தப் பிள்ளையைக் கேள்வி கேட்டாலும் ஆரணி எழும்பி மறுமொழி சொல்லுறா. பேரைச் சொல்லிக் கேட்டாலும் அப்பிடித்தான். மற்றப் பிள்ளையள் சிரிக்கினம். இவவுக்கு ஏன் எண்டு விளங்கேல்லை. முந்தின பள்ளிக்கூடத்தில என்ன மாதிரி?"

ஒரு வருடமாக அந்த அறையில் கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்வியும் அவளுக்குத்தான் என்று சொன்னேன். ரீச்சர் தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளினார்.

இப்போது அவள் எட்டாம் வகுப்பு. அந்தப் பழக்கத்தைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டாள், வீட்டில் இன்னமும் விடவில்லை. சுகந்தி என்னைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் புட்டு வைக்கட்டோ?" என்றால் "ஓம்" என்று குரல் வருவது ஆரணியிடமிருந்து. அல்லைப்பிட்டிக்கு வந்த பிறகு பிறந்த தம்பிக்காரன், "அக்கா, உன்னைக் கேக்கேல்லை!" என்று கத்துவான். வந்த விருந்தினர் முதற்கொண்டு எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். நானும் சிரிக்கிறனான், என்ன, கொஞ்சம் பிந்தித்தான்.